ஸ்டீல் கிட்டார் கூடுகையில் முதல் மேடை: வீட்டில் வந்த சுருதி அங்கேயும் வர

கேள்வி இதுதான்: ஈ9 பெடல் ஸ்டீலில் (படுக்கை வாக்கில் கால்கள் மேல் நிற்கும் கிட்டார்; ‘பார்’ என்ற உலோக உருளையைத் தந்தி மேல் நகர்த்தி வாசிப்பது; பெடலும் முழங்கால் லீவரும் தந்தியின் சுருதியை ஏற்றி இறக்கும்; ஈ9 அதன் ட்யூனிங்) ஓரளவு கை வந்துவிட்டது. ஸ்டீல் கிட்டார் கூடுகை ஒன்றில் 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பேஸ், டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு கொண்ட பக்கவாத்தியக் குழு அங்கேயே இருக்கும். வீட்டில் நன்றாக வருகிறது, மேடையில் சுருதி போய்விடுமோ என்று பயம். எப்படித் தயாராவது?

பயப்பட வேண்டிய விஷயத்துக்குத்தான் பயப்படுகிறீர்கள். இந்தக் கூடுகைகளில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இதே கருவியை வாசிப்பவர்கள். வேகம் குறைவு, சுரங்கள் குறைவு என்பதையெல்லாம் அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். சுருதி விலகினால் மட்டும் காது உடனே பிடித்துவிடும். ஆனால் மேடையில் சுருதி போவதற்குப் படபடப்பைவிடப் பெரிய காரணங்கள் மூன்று உண்டு. உட்காரும் உயரம் மாறுகிறது, சுரத்தின் இடத்தைக் காட்டும் ஃப்ரெட் கோட்டைக் கண் பார்க்கும் கோணம் மாறுகிறது, காதில் விழும் சத்தம் மாறுகிறது. மூன்றையும் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவரலாம். பாட்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் போதும், மிச்ச நாளை இதற்குச் செலவழியுங்கள்.

முதலில் கணக்கு. 20 நிமிடம் என்பது கருவியை வைத்து எடுக்கும் நேரத்தையும் சேர்த்தா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிடுங்கள். சேர்த்து என்றால் 3 பாட்டு, இல்லையென்றால் 4. மூன்றரை நிமிடப் பாட்டு நான்கு என்றால் 14 நிமிடம். அறிவிப்பு, குழுவோடு பேசுவது, நடுவில் ஒரு தந்தியைத் திருத்துவது எல்லாம் சேர்ந்து 4 நிமிடம் தின்றுவிடும். ஆறு பாட்டோடு வருபவர் கடைசி இரண்டை ஓட்டமாக ஓடி முடிப்பார்.

முதல் பாட்டு நடுத்தர வேகத்தில், 10-ஆம் ஃப்ரெட்டுக்குக் கீழேயே பெரும்பாலும் நடப்பதாக இருக்கட்டும். மெதுவான பாட்டோடு தொடங்குவது தப்பு. நீண்ட சுரங்களில் கை நடுக்கம் அப்படியே கேட்கும். மிக வேகமானதும் கூடாது. இதயம் வேகமாகத் துடிக்கும்போது நீங்கள் எண்ணிக் கொடுக்கும் தாளம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் வரும், பிறகு குழு முழுவதும் அந்த வேகத்தில் உங்களைத் துரத்தும். மெதுவான பாட்டு இரண்டாவதாக வரட்டும், வேகமானது கடைசியில். ஊரறிந்த ஒரு தனி வாசிப்பைச் சுரம் மாறாமல் நகலெடுத்து வாசிக்கும் ஆசை வரும். அதை அறிந்த ஐம்பது பேர் எதிரே இருக்கிறார்கள் என்பதை நினைத்து அதை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் வாசிப்பவரும் அதே பாட்டை வைத்திருக்கக்கூடும் என்பதால் பட்டியலை முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

குழுவுக்குக் கொடுக்கும் தாளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம், நான்கு பிரதிகள். டிரம்ஸ்காரருக்கும் ஒன்று கொடுங்கள், பலர் அவரை மறந்துவிடுகிறார்கள். கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) எழுத்தால் எழுதாமல் எண்ணால் எழுதுவது வழக்கம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கிவைத்த எண்முறை இது. ஸ்கேல் ஏ என்றால் 1 என்பது ஏ, 4 என்பது டி, 5 என்பது ஈ. மைனருக்கு எண்ணை ஒட்டி ஒரு சிறு கோடு. ஒருமுறை அடித்து முழுத் தாள வட்டமும் ஒலிக்கவிட வேண்டிய கார்டைச் சுற்றி ஒரு வைரக் கட்டம். கடைசி நேரத்தில் ஸ்கேலை மாற்றினாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை. மேலே ஸ்கேல், வேகம் எத்தனை பீட், தாளம் 4/4-ஆ 3/4-ஆ, தொடக்கம் யார், நடுவில் யாருக்குத் தனி வாசிப்பு என்று எழுதுங்கள். முடிவை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒத்திகை இல்லாத குழு பாட்டின் நடுவில் சறுக்குவது அபூர்வம், முடிவில்தான் இரண்டு பேர் நிறுத்தியிருப்பார்கள், இரண்டு பேர் போய்க்கொண்டிருப்பார்கள். ‘கடைசி வரி 3 முறை, மூன்றாவதில் வேகம் குறையும், 1-இல் நிற்கும்’ என்று ஒரு வரி போதும்.

ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சுற்றைக் கிட்டாருக்கோ கீபோர்டுக்கோ விட்டுக்கொடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த அரை நிமிடத்தில் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்ளலாம், விரலில் மாட்டிய பிக்கைச் சரிசெய்யலாம், மூச்சு விடலாம்.

இனி உட்காரும் அமைப்பு. பெடல் ஸ்டீலில் இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால் எல்லாமே வேலை செய்கின்றன. இருக்கை 2 சென்டிமீட்டர் உயர்ந்தால் முழங்காலுக்கும் லீவருக்கும் உள்ள இடைவெளி மாறும், கணுக்கால் சாயும் கோணம் மாறும், ஏ பெடலை மட்டும் அழுத்த நினைத்த பாதம் பக்கத்திலிருக்கும் பி பெடலையும் கொஞ்சம் தொடும். அந்த அரைகுறை அழுத்தம்தான் ‘ஏனோ சுருதி சேரவில்லை’ என்று கேட்கும். வீட்டில் எந்த இருக்கையில் உட்கார்கிறீர்களோ அதையே தூக்கிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் கிடைக்கும் மடக்கு நாற்காலி பின்பக்கம் சரிவாக இருக்கும். அதில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் போய் கால் முன்னால் நீளும். வேறு வழியில்லை என்றால் பின்விளிம்பில் ஒரு மடித்த துணியை வைத்து மட்டமாக்குங்கள்.

கருவியின் கால்களில் நீட்டும் பகுதி எங்கே நிற்கிறது என்பதை வண்ண டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பெடல் தண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம் இருக்கலாம், எனவே 1, 2, 3 என்று குறியிட்டுவிடுங்கள். அவசரத்தில் இடம் மாற்றி மாட்டினால் ஒரு பெடல் தரையைத் தொடும், இன்னொன்று வானத்தில் நிற்கும். மரப்பலகை மேடை மட்டமாக இருக்காது. நான்கு கால்களில் ஒன்று தூக்கலாக நின்றால் ஒவ்வொரு பெடலுக்கும் கருவி ஆடும். மடித்த அட்டைத் துண்டு நான்கு பெட்டியில் இருக்கட்டும். தடித்த கம்பளம் விரித்த மேடை என்றால் கால்கள் அமிழும், பெடலுக்குக் கீழே இடம் குறையும். கம்பளத்தில் இருக்கிற சௌகரியம், வால்யூம் பெடல் நழுவாது. வழவழப்பான தரையில் அது பாட்டுக்கு ஒரு அங்குலம் என்று முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கடைசிப் பாட்டில் வலது காலை முழுவதும் நீட்டியபடி வாசிக்க வேண்டியிருக்கும். ஒரு ரப்பர் விரிப்பு இதற்குப் போதும்.

காலணி பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். வீட்டில் வெறுங்காலில் பயிற்சி செய்துவிட்டு மேடைக்குப் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு போகிறார்கள். அகலமான அடிப்பாகம் ஏ, பி இரண்டையும் ஒன்றாகவே மிதிக்கும். மேடைக்குப் போடப்போகும் காலணியிலேயே கடைசி மூன்று வாரம் வாசியுங்கள். சட்டைக் கை தந்தியில் உரசும் நீளத்தில் இருக்கக்கூடாது, இடது மணிக்கட்டில் கடிகாரம் வேண்டாம்.

சொந்தக் கருவி கொண்டுபோக முடியாமல் அங்கே இருப்பதை வாங்கி வாசிக்க நேர்ந்தால் முதலில் பெடல் வரிசையைப் பாருங்கள். இரண்டு ஸ்டீல் கலைஞர்களின் பெயரில் இரண்டு முறைகள் உண்டு. பட்டி எம்மன்ஸ் முறையில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. ஜிம்மி டே முறையில் அதுவே தலைகீழ். ஒருமுறையில் பழகிய கால் மற்றதில் ஒரு பாட்டுகூடத் தாண்டாது. முழங்கால் லீவர்களின் வேலை ஆளுக்கு ஆள் மாறும். வரிசை ஒத்துவரவில்லை என்றால் லீவரே தொடாத எளிய பாட்டுகளுக்கு இறங்கிவிடுங்கள்.

இப்போது கண். 24 அங்குல ஸ்கேல் நீளமுள்ள (அதாவது தந்தி அதிரும் நீளம் அவ்வளவு உள்ள) கருவியில் முதல் ஃப்ரெட், தந்தி தொடங்கும் முனையான நட்டிலிருந்து சுமார் 34 மில்லிமீட்டர். 12-க்கும் 13-க்கும் இடையே அதில் பாதி, 17 மில்லிமீட்டர். அதாவது 12-ஆம் ஃப்ரெட் அருகே பார் ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏறக்குறைய 6 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகும், நல்ல காது உள்ளவருக்கு அது கேட்கும். பார் கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை. தந்தியைத் தொடுவது அதன் அடிக்கோடு, நீங்கள் பார்ப்பது அதன் முதுகு. தலை நேர் மேலே இல்லாமல் ஒரு பக்கம் இருந்தால் முதுகு ஃப்ரெட் மேல் நிற்பதுபோல் தெரியும், அடிக்கோடு வேறெங்கோ இருக்கும். உடம்பை எந்த ஃப்ரெட்டுக்கு நேரே வைத்து வீட்டில் உட்கார்கிறீர்கள் என்று கவனித்து, மேடையிலும் அதே இடத்தில் உட்காருங்கள். பக்கவாட்டு விளக்கு விழுந்தால் பாரின் நிழல் ஒரு போலிக் கோடு போடும். அதை நம்பினால் போச்சு. உட்கார்ந்ததும் விளக்கு விழும் திசையைப் பார்த்து, தேவைப்பட்டால் கருவியைச் சில டிகிரி திருப்பிக்கொள்ளுங்கள். அப்படித் திருப்பும்போது தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இரைச்சல் குறையும் கோணத்தையும் சேர்த்தே தேடலாம்.

தந்தியை மேடை நாளன்று மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் முன்பு மாற்றி, பெடல்களை நன்றாக மிதித்து இழுபட விடுங்கள். முதலில் அறுவது மூன்றாவது தந்தி, 0.011 அங்குல ஜி ஷார்ப். மெல்லிய தந்தி, மிக உயர்ந்த இழுவிசை, அதற்கு மேல் பி பெடல் ஒவ்வொரு முறையும் அதை சேஞ்சரின் (பெடலுக்கு ஏற்பத் தந்தியை இழுத்து விடும் பொறியின்) உலோக விரல் மேல் வளைத்து நிமிர்த்துகிறது. அந்த இடத்திலேயே உலோகம் களைத்து அறும். அந்த அளவில் மூன்று உபரி எடுத்துப்போங்கள். பாட்டின் நடுவே அறுந்தால் நிறுத்த வேண்டாம். ஆறாவது தந்தியும் ஜி ஷார்ப்தான், அதே பி பெடல் அதையும் ஏற்றும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி 5, 6, 8 அல்லது 6, 8, 10 என்ற பிடிகளில் (சேர்த்து மீட்டும் தந்திகளில்) பாட்டை முடிக்கலாம். ஒரு தந்தியின் இழுவிசை போனதால் மற்றவை சற்றே ஏறி நிற்கும், பார் வைக்கும் இடத்தில் அதைச் சமாளியுங்கள். இந்தக் கீழ்ப் பிடி ஓட்டத்தை வீட்டில் மூன்றாவது தந்தியைத் தொடாமல் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டால் அன்று பதற்றம் வராது.

சுருதி சேர்ப்பதில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். குழு 440-இல் (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில்) இருக்கிறது, ஸ்டீல் வாசிப்பவர்கள் பலர் ட்யூனரின் அந்த அளவை 442.5 ஆக்கி ஈ தந்தியைச் சேர்க்கிறார்கள், அது பொருந்துமா? பொருந்தும், காரணமும் உண்டு. காதுக்கு இனிக்கும் தூய மேஜர் மூன்றாம் சுரம் (ஈக்கு ஜி ஷார்ப்) கீபோர்டில் உள்ளதைவிடச் சுமார் 14 சென்ட் கீழே. ஈ சரியாக 440-இல் இருந்தால் ஜி ஷார்ப் 14 சென்ட் தாழ்ந்து, கீபோர்டோடு உறுத்தும். ஈயை 10 சென்ட் ஏற்றி வைத்தால், அதாவது ட்யூனரில் 442.5, ஜி ஷார்ப் 4 சென்ட் மட்டும் தாழ்ந்து 439-இல் நிற்கும். சமரசம் இரண்டு பக்கமும் பகிரப்படுகிறது. பெடல் அழுத்தும்போது கருவியின் உடல் மிக இலேசாக வளைந்து, அழுத்தாத தந்திகளும் சில சென்ட் இறங்கும். ஈயைச் சற்று உயர்த்தி வைப்பதில் அந்த இறக்கமும் ஓரளவு ஈடாகிறது. எல்லாத் தந்தியையும் கீபோர்டு அளவிலேயே வைப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பிழையில்லை. எது உங்கள் வழக்கமோ அதுவே. கூடுகைக்கு முந்தின வாரம் யாரோ சொன்னார்கள் என்று முறையை மாற்றினால் இடது கை பழகிய இடங்கள் எல்லாம் பொய்யாகிவிடும்.

கருவியை வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது அந்த அறையின் வெப்பத்துக்கு விடுங்கள். மேடை விளக்கின் சூட்டில் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். அதனால் கடைசிச் சரிபார்ப்பு மேடையிலேயே நடக்க வேண்டும். முதலில் திறந்த தந்திகளைக் கீஹெட்டில் (தந்தியை முறுக்கும் சாவிகள் உள்ள முனையில்), அதன் பிறகு பெடல் ஏற்றும் சுரங்களைக் கருவியின் ஓரத்தகட்டில் உள்ள நைலான் நட்டுகளில், என்பதே இன்றைய ஆல்-புல் வகைக் கருவிகளின் வரிசை. முழுச் சரிபார்ப்புக்கு மேடையில் நேரம் கிடைக்காது. தந்திகளில் 4, 8 (ஈ), 3, 6 (ஜி ஷார்ப்), 5 (பி), பிறகு ஏ பெடல், பி பெடல், ஈயை இறக்கும் லீவர். ஒரு நிமிடத்துக்குள் முடியும். ட்யூனரைக் கருவிக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவே போட்டால், பெடலை மூடியபடி ஓசையில்லாமல் சேர்க்கலாம். அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருக்கும்போது டொய்ங் டொய்ங் என்று சேர்ப்பவரை யாருக்கும் பிடிக்காது.

வால்யூம் பெடல்தான் புதியவரை அதிகம் காட்டிக்கொடுக்கும். பதற்றத்தில் வலது பாதம் அறியாமலே கீழே போய்விடுகிறது. சுரத்தை அடிக்கும்போதே பெடல் முழுவதும் திறந்திருந்தால், சுரம் தேயத் தேயத் திறந்து நீட்டிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. விளைவு, அடி உரக்கக் கேட்கும், பிறகு சுரம் செத்துவிடும். வீட்டில் ஆம்பைச் சிறிதாக வைத்து முக்கால் பெடலில் பழகியவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். ஆம்பை உயர்த்தி வையுங்கள், பாதிப் பெடலில் உங்கள் வழக்கமான ஒலி வரும்படி. மேல்பாதி முழுவதும் நீட்டிப்புக்கான சேமிப்பு.

ஆம்ப் உங்களுடையதாக இல்லாவிட்டால் ட்ரெபிளைக் குறைத்துத் தொடங்குங்கள். சாதாரண கிட்டார் ஆம்ப் ஸ்டீலின் மேல் தந்திகளைக் கூர்மையாக்கிக் காதைக் குத்தும். மிட் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கும் குமிழ் இருந்தால் 800 ஹெர்ட்ஸ் அருகே கொஞ்சம் வெட்டுங்கள், மூக்கடைத்த ஒலி போகும். ரிவெர்ப் (எதிரொலி) வீட்டில் வைப்பதில் பாதி. மிச்சத்தைக் கூடமே போட்டுவிடும். ஆம்பை முதுகுக்குப் பின்னால் தரையில் வைத்தால் ஒலி காலுக்கு நடுவே போய்விடும், உங்களுக்குக் கேட்காது. ஒரு நாற்காலியில் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ காதைப் பார்க்க வையுங்கள். மானிட்டரில் (வாசிப்பவரைப் பார்த்து வைக்கும் ஒலிபெருக்கியில்) எல்லாரையும் கேட்காதீர்கள். பேஸும் கொஞ்சம் கீபோர்டும் போதும், சுருதிக்கு உங்கள் காது பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டைத்தான். ஒலிச் சரிபார்ப்பில் மிகச் சத்தமான பகுதியை வாசித்துக் காட்டுங்கள், மெதுவாக வருடினால் ஒலியமைப்பாளர் அளவை ஏற்றி வைத்துவிடுவார்.

மடியில் வைத்து வாசிக்கும் லாப் ஸ்டீலுக்கு இந்தப் பாடுகளில் பாதி கிடையாது. அங்கே வேறொரு வலை இருக்கிறது, பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங்கை மாற்றுவது. சி6-இலிருந்து ஏ மேஜருக்குத் தந்திகளை இறக்கி ஏற்றினால் அடுத்த பாட்டின் பாதி வரை அவை நிலைகொள்ளாது. முதல் மேடைக்கு ஒரே ட்யூனிங்கில் அடங்கும் பாட்டுகளை எடுங்கள், அல்லது இரண்டாவது கருவி கொண்டுபோங்கள். வழுக்காத துணி ஒன்று மடியில் இருக்கட்டும்.

பயிற்சியில் ஒன்று மட்டும் புதிதாகச் சேருங்கள். காலையில் எழுந்து, விரலைப் பழக்காமல், நேராக உட்கார்ந்து முதல் பாட்டை முதல் தடவையிலேயே முழுவதும் வாசியுங்கள். மேடையில் கிடைப்பது அந்த ஒரு தடவைதான். பத்தாவது தடவை எப்படி வருகிறது என்பது அன்றைக்கு உதவாது. வாரம் ஒருமுறை கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து, தலைகீழாக வைத்துக் கால்களைத் திருகி, பெடல் பலகையை மாட்டி, தண்டுகளைக் கோத்து, நிமிர்த்தி, சுருதி சேர்ப்பது வரை கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். 10 நிமிடத்துக்குள் வர வேண்டும். பழைய இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியோடு 30 கிலோவைத் தொடும். அதை நிமிர்த்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெட்டியில் இருக்க வேண்டியவை: உபரித் தந்திகள், நைலான் நட்டுச் சாவி, அறுகோணச் சாவிகள், உபரி பார், இன்னொரு செட் பிக், ஒரு கேபிள் கூடுதலாக, நீட்டிப்பு ஒயர், டேப், சிறு டார்ச், துண்டு. வியர்த்த விரலில் உலோகப் பிக் சுழலும். அதற்காக நெரித்து இறுக்கினால் விரல் மரத்துப்போகும். துடைத்துவிட்டு மாட்டினாலே நிற்கும்.

மேடையில் முதல் எட்டுத் தாள வட்டத்துக்கு வைப்ராட்டோ (பாரை அசைத்துச் சுரத்தை அதிரவைப்பது) வேண்டாம். நடுங்கும் கை போடும் வைப்ராட்டோ வேகமாகவும் அகலமாகவும் வரும், சரியான இடத்தில் இருக்கும் பாரையும் தப்பாகக் காட்டும். நேராக வைத்து வாசித்து, கை அமைதியானதும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெடல் தவறினால் வால்யூமைக் கொஞ்சம் மூடி அடுத்த கார்டில் சேருங்கள். பாட்டின் இடமே தெரியாமல் போனால் கையை எடுத்துவிட்டு பேஸைக் கேளுங்கள். 1 திரும்ப வரும் இடம் காதில் விழும், அங்கே நுழையலாம். தப்புக்கு மைக்கில் மன்னிப்புக் கேட்காதீர்கள். கேட்காதவர்களுக்கும் அது அறிவிப்பாகிவிடும்.

முடிந்ததும் குழுவினர் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள், பெயர்களைத் தாளின் மேலேயே எழுதி வைத்திருந்தால் மறக்காது. ஆம்பின் ஒலியை இறக்கிய பிறகே கேபிளைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் கூடம் அதிரும். கருவியை மேடையில் கழற்ற வேண்டாம். கால்களோடு அப்படியே தூக்கி ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பிரியுங்கள், அடுத்தவர் ஏற்கெனவே தன் இருக்கையோடு காத்திருப்பார்.